ஆன்டிபாடி வரவில்லை, வைரஸும் நிலைக்கவில்லை: டி செல் ஆய்வுகளைப் படிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொரோனாவின் முதல் அலையில் பல வீடுகளில் நடந்த கதை இது. கணவனுக்குக் காய்ச்சல், இருமல், பிசிஆர் பாசிட்டிவ். நோய் தெரியும் வரை அதே அறையில் படுத்திருந்த மனைவிக்கு ஒரு தும்மல்கூட இல்லை. பரிசோதனையில் நெகட்டிவ். சில வாரங்கள் கழித்து ஆன்டிபாடி பார்த்தால் அதுவும் இல்லை. ‘உடம்புல எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு எல்லாரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்கள் சிலர் அங்கே நிற்கவில்லை. அந்த மனைவியின் உடம்புக்குள் வைரஸ் நுழையவே இல்லையா, அல்லது நுழைந்து, பெருகத் தொடங்கி, பரிசோதனைக்குச் சிக்கும் முன்பே அழிக்கப்பட்டுவிட்டதா என்று கேட்டார்கள். இரண்டாவதுதான் நடந்தது என்றால், அழித்தது யார்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த லியோ ஸ்வாட்லிங், மாலா மைனி குழுவினர் 2021 நவம்பரில் நேச்சர் இதழில் ஒரு விடையை முன்வைத்தார்கள்: சாதாரண சளிக்காய்ச்சல் வைரஸ்களைப் பார்த்துப் பழகி, முன்பே உடம்பில் இருந்த டி செல்கள்.

இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் தலைப்பு ஒன்றைச் சொல்லும், ஆய்வு வேறொன்றைச் சொல்லும். ஆய்வைப் படிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. பிளஸ் டூ உயிரியல் ஞாபகம் இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. லண்டன் ஆய்வை முன்னால் வைத்துக்கொண்டே போவோம்.

படி 1: ஆன்டிபாடி வேறு, டி செல் வேறு

ஆன்டிபாடி ஒரு புரதம். ரத்தத்திலும், மூக்கு தொண்டையின் சளிப்படலத்திலும் கிடக்கும். வைரஸ் செல்லுக்குள் நுழையும் முன்பே அதன்மேல் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கக்கூடியது.

டி செல் உயிருள்ள ஒரு முழு வெள்ளணு. வெளியே மிதக்கும் வைரஸை அதனால் அடையாளம் காணவே முடியாது. வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்து புரதம் தயாரிக்க ஆரம்பித்ததும், அந்தச் செல் அப்புரதங்களில் சிலவற்றைத் துண்டு துண்டாக்கி, எச்எல்ஏ என்ற மூலக்கூறில் ஏற்றித் தன் மேற்பரப்பில் காட்டும். கொல்லும் வகை டி செல்கள் படிக்கும் துண்டுகள் எட்டு முதல் பத்து அமினோ அமிலம் வரை நீளம். டி செல் பார்ப்பது அந்தத் துண்டையும் அதைத் தாங்கும் எச்எல்ஏவையும் சேர்த்துத்தான். பீட்டர் டோஹர்ட்டியும் ரால்ஃப் சிங்கர்நாகலும் 1970களின் முற்பகுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் எலிகளை வைத்துக் கண்டறிந்தது இது. 1996இல் நோபல் பரிசு பெற்றார்கள். டோஹர்ட்டி படித்தது கால்நடை மருத்துவம் என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன், எனக்குப் பிடித்த தகவல்.

டி செல்களில் இரண்டு பெரிய வகைகள். சிடி8 வகை, தொற்றிய செல்லை நேரடியாகக் கொல்லும். சிடி4 வகை, மற்ற செல்களைத் தூண்டிவிடும், ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களுக்கும் உதவும்.

இதிலிருந்து முக்கியமான ஒன்று கிடைக்கிறது. ‘டி செல்கள் வைரஸை உள்ளே விடவில்லை’ என்று ஒரு செய்தி சொன்னால் அது தப்பு. டி செல்லுக்கு வேலை வருவதே ஒரு செல்லாவது தொற்றுக்கு ஆளான பிறகுதான். அதனால் முடிவது, தொற்றைச் சீக்கிரம் முடித்துவைப்பது.

படி 2: நாட்களைக் கணக்குப் போடுங்கள்

‘சீக்கிரம்’ என்றால் எவ்வளவு? இதை ஏறக்குறைய மணிக்கணக்கில் சொல்லும் ஆய்வு ஒன்று இருக்கிறது. 2021இல் லண்டனில், 18 முதல் 29 வயது வரையிலான 36 ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூக்கில், மருத்துவக் கண்காணிப்பில், வேண்டுமென்றே கொரோனா வைரஸைச் சொட்டுவிட்டார்கள். இம்பீரியல் கல்லூரி முன்னின்று நடத்தியது. அவர்கள் தடுப்பூசி போடாதவர்கள், முன்பு தொற்று வந்ததாகத் தெரியாதவர்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அதாவது 18 பேருக்கு, தொற்று பிடித்தது. தொண்டையில் வைரஸ் தென்பட சராசரியாக 40 மணி நேரம், மூக்கில் 58 மணி நேரம். வைரஸ் அளவு உச்சத்தைத் தொட்டது ஐந்தாம் நாள் வாக்கில்.

இதற்குப் பக்கத்தில் டி செல்களின் கணக்கை வையுங்கள். இதுவரை பார்த்தே இராத ஒரு வைரஸ் துண்டை அடையாளம் காணக்கூடிய புதிய டி செல், மொத்த டி செல்களில் லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். வைரஸ் துண்டைச் சுமந்துவரும் டென்ட்ரிட்டிக் செல்லை அது நிணநீர்க் கணுவில் சந்திக்க வேண்டும், பிறகு பிரிந்து பெருக வேண்டும், அப்புறம் ரத்தம் வழியாக மூக்குக்கும் நுரையீரலுக்கும் போய்ச் சேர வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும். அதற்குள் வைரஸ் தன் உச்சத்தைத் தாண்டியிருக்கும்.

முன்பு ஒரு தொற்றைப் பார்த்துப் பழகி உடம்பில் தங்கிவிட்ட நினைவு டி செல்லின் கணக்கு வேறு. முன்பே ஒருமுறை பெருகியதால் எண்ணிக்கையில் அதிகம், கிளம்பத் தேவைப்படும் தூண்டுதலும் குறைவு. ஓரிரு நாட்களில் வேலையில் இறங்கிவிடும். விதை நெல்லைத் தெளித்து முளைக்கக் காத்திருப்பதற்கும், வளர்ந்த நாற்றைப் பிடுங்கி நடுவதற்கும் உள்ள கால வித்தியாசம்தான் இது. நினைவு செல்களில் ஒரு பகுதி ரத்தத்தில் சுற்றாமல் மூக்கு, நுரையீரல் திசுக்களிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும். அவற்றுக்குப் பயண நேரமும் மிச்சம்.

ஆனால் சீக்கிரம் அழிந்த ஒவ்வொரு தொற்றுக்கும் டி செல்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதமும், தொற்றிய செல்களைக் கொல்லும் என்கே செல்களும் முன் அனுபவம் எதுவும் இல்லாமலேயே முதல் நாளில் இறங்குபவை. மேலே சொன்ன தன்னார்வலர்களில் 16 பேரின் மூக்கு, ரத்த மாதிரிகளைச் செல் செல்லாக ஆராய்ந்த கட்டுரை 2024இல் நேச்சரில் வந்தது. ஆறு பேருக்குத் தொற்று நிலைத்தது. மூன்று பேருக்கு வந்த வேகத்தில் போனது. ஏழு பேரிடம் பிசிஆரில் வைரஸ் தென்படவே இல்லை. வந்துபோனவர்களின் மூக்கில் நோயெதிர்ப்புச் செல்கள் சட்டென்று குவிந்தன. நிலைத்தவர்களிடம் அது நாட்கணக்கில் தாமதமானது. சொட்டுவிடும் முன்பே எச்எல்ஏ-டிக்யூஏ2 என்ற மரபணு அதிகமாக இயங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தொற்று நிலைப்பது குறைவாக இருந்ததையும் அந்தக் கட்டுரை காட்டியது. ஆக, போட்டியாளர்கள் பலர். டி செல் அவர்களில் ஒருவர்.

படி 3: எந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டி செல் என்று பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். லண்டன் ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து, அதனால் கொஞ்சம் நின்று போவோம்.

கொரோனா வைரஸின் மரபணு ஓர் ஆர்என்ஏ இழை. அது செல்லுக்குள் விழுந்ததும், செல்லின் ரைபோசோம்கள் அதை நேரடியாகப் படித்துப் புரதமாக்கத் தொடங்கும். முதலில் தயாராவது முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம் அல்ல. வைரஸ் தன்னை நகலெடுக்கத் தேவையான இயந்திரங்கள்தான் முதலில் வரும். ஒரே நீளப் புரதமாக உருவாகி, பிறகு துண்டுகளாக வெட்டப்படும். ஆர்என்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸான என்எஸ்பி12, அதற்குத் துணையான என்எஸ்பி7, இழையைப் பிரித்துவிடும் என்எஸ்பி13 எல்லாம் அதில் அடக்கம். இந்த இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகே ஸ்பைக்கும், ஆர்என்ஏவைப் பொதிந்து வைக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதமும், புது வைரஸின் மற்ற உறுப்புகளும் ஏராளமாக வரும்.

இப்போது டி செல்லின் பக்கம் நின்று யோசியுங்கள். ஸ்பைக்கைத் தேடும் டி செல், அந்தச் செல்லில் ஸ்பைக் தயாராகும் வரை காத்திருக்க வேண்டும். பாலிமரேஸைத் தேடும் டி செல்லுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. செல்லிலிருந்து முதல் புது வைரஸ் வெளியேறும் முன்பே அதை அடையாளம் காணும் வாய்ப்பு அதற்கு உண்டு. ‘சீக்கிரம்’ என்ற சொல்லுக்கு இந்த ஆய்வில் உள்ள உண்மையான பொருள் இதுதான்.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. ஸ்பைக் ஒவ்வொரு வைரஸிலும் வெகுவாக மாறும், பாலிமரேஸ் அவ்வளவு மாறாது. நகலெடுக்கும் இயந்திரத்தில் கண்டபடி கைவைத்தால் வைரஸே ஓடாது. அதனால் வருடாவருடம் நமக்குச் சளி பிடிக்க வைக்கும் ஓசி43, எச்கேயூ1, 229இ, என்எல்63 ஆகிய நான்கு சாதாரண கொரோனா வைரஸ்களின் பாலிமரேஸும், 2019இல் வந்த புதிய வைரஸின் பாலிமரேஸும் பல இடங்களில் ஒத்துப்போகின்றன. ஒன்றைப் பார்த்துப் பழகிய டி செல் மற்றொன்றையும் பிடித்துக்கொள்ளலாம். குறுக்கு எதிர்வினை என்று படித்தால் அதற்குப் பொருள் இதுதான்.

ஆகவே ஓர் ஆய்வுச் செய்தியில் ‘டி செல்கள் இருந்தன’ என்று மட்டும் இருந்தால் திருப்தி அடையாதீர்கள். எந்தப் புரதத்துக்கு எதிரானவை என்று தேடுங்கள்.

படி 4: ரத்தம் எந்தத் தேதியில் எடுத்தது?

‘முன்பே இருந்த’ என்ற சொல்லுக்கு ஆதாரம் தேதிதான். வைரஸ் வந்த பிறகு எடுத்த ரத்தத்தில் டி செல் இருந்தால், அது முன்பே இருந்ததா, இந்தத் தொற்றால் உருவானதா என்று பிரிக்க முடியாது.

கலிஃபோர்னியாவின் லா ஹோயா நிறுவனத்தில் அலெசாண்ட்ரோ செட்டே, ஷேன் குரோட்டி குழுவினர் 2020 மே மாதம் வெளியிட்ட ஆய்வு நேர்மையான உதாரணம். 2015 முதல் 2018 வரை எடுத்து உறைய வைத்திருந்த ரத்தத்தை வெளியே எடுத்தார்கள். அந்த வைரஸ் உலகில் இல்லாத காலத்து ரத்தம். 40 முதல் 60 சதவீதம் பேரிடம் புதிய கொரோனா வைரஸுக்கு எதிர்வினை காட்டும் சிடி4 டி செல்கள் இருந்தன. அதே நிறுவனத்தின் அடுத்த கட்டுரை, இவற்றில் சில சளி வைரஸ்களின் ஒத்த துண்டுகளுக்கும் எதிர்வினை காட்டுவதை உறுதி செய்தது.

சிங்கப்பூரில் அன்டோனியோ பெர்டோலெட்டி குழு வேறு திசையில் போனது. அதே கொரோனா குடும்பத்து வைரஸால் வரும் சார்ஸ் நோய் 2003இல் வந்து பிழைத்தவர்களின் ரத்தத்தில், 17 வருடம் கழித்தும் அந்த வைரஸை நினைவில் வைத்திருந்த டி செல்கள் இருந்தன. அவை புதிய வைரஸையும் அடையாளம் கண்டன. சார்ஸும் கொரோனாவும் வந்தே இராத சிலரிடமும் என்எஸ்பி7, என்எஸ்பி13க்கு எதிரான டி செல்கள் கிடைத்தன. சுவாரஸ்யம் என்னவென்றால், அவற்றில் சில குறிவைத்த பகுதிகள் மனிதச் சளி வைரஸ்களைவிட விலங்குகளின் கொரோனா வைரஸ்களோடு அதிகம் ஒத்திருந்தன. டெல்லியில் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தின் ஆய்விலும், தொற்றுக்கு ஆளாகாத இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இத்தகைய சிடி4 செல்கள் காணப்பட்டன.

இவை எல்லாம் ‘இருந்தன’ என்று காட்டும் ஆய்வுகள். லண்டன் ஆய்வு ஒரு படி மேலே போக முயன்றது. 2020 மார்ச் மாதக் கடைசியில், இங்கிலாந்தில் ஊரடங்கு தொடங்கிய வாரத்தில், மருத்துவமனை ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டு, வாரா வாரம் மூக்கிலிருந்து மாதிரியும் ரத்தமும் எடுத்து நான்கு மாதம் தொடர்ந்தார்கள். முதல் அலையின் நடுவே, போதிய பாதுகாப்பு உடைகூட இல்லாத நாட்களில் வார்டில் நின்றவர்கள் அவர்கள். அதில் பிசிஆரும் தொடர்ந்து நெகட்டிவ், ஆன்டிபாடியும் தொடர்ந்து நெகட்டிவ் என்று இருந்த 58 பேரைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். கொரோனா வரும் முன்பு வேறு ஆட்களிடம் எடுத்து வைத்திருந்த ரத்தத்தோடு ஒப்பிட்டால், இவர்களிடம் வைரஸுக்கு எதிரான டி செல்கள் அதிகம். குறிப்பாக அந்த நகலெடுக்கும் இயந்திரத்துக்கு எதிரானவை. கொரோனாவுக்கு முன்பே எடுத்த ரத்தம் கைவசம் இருந்த சிலரிடம், அதே டி செல்கள் இடையில் பெருகியிருந்ததையும் காட்ட முடிந்தது.

பெருகியது என்றால் ஏதோ ஒன்று தூண்டியிருக்கிறது. அது இந்த வைரஸ்தானா? இங்கேதான் அவர்கள் கெட்டிக்காரத்தனமான ஒரு வேலை செய்தார்கள். இன்டர்ஃபெரான் வரும்போது இயங்கும் ஐஎஃப்ஐ27 என்ற மரபணுவின் அளவை ரத்தத்தில் பார்த்தார்கள். தொற்று வந்தவர்களிடம் பிசிஆர் பாசிட்டிவ் ஆகும் சமயத்திலோ அதற்கும் முன்போ இது ஏறுவது தெரிந்திருந்தது. நெகட்டிவாகவே இருந்த, ஆனால் டி செல் பலமாக இருந்த ஊழியர்களிடமும் இந்தச் சமிக்ஞை ஏறியிருந்தது. வைரஸ் வந்து, கதவைத் தட்டியதோடு நிற்காமல் உள்ளே கால் வைத்தது என்பதற்கு இது மறைமுகச் சாட்சி. மறைமுகம் என்பதை மறக்க வேண்டாம். மற்ற வைரஸ்களாலும் ஐஎஃப்ஐ27 ஏறக்கூடும்.

படி 5: எண்ணியது எப்படி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பெரும்பாலான ஆய்வுகள் எலிஸ்பாட் என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, வைரஸ் புரதத்தின் சிறு துண்டுகளைச் சேர்த்து வைப்பார்கள். அடையாளம் கண்டுகொண்ட ஒவ்வொரு டி செல்லும் காமா இன்டர்ஃபெரானை வெளிவிடும், அது தட்டில் ஒரு புள்ளியாகத் தெரியும். பத்து லட்சம் செல்லுக்கு எத்தனை புள்ளி என்று எண்ணுவார்கள். காசநோய்க்கு ரத்தத்தில் செய்யும் ‘டிபி கோல்டு’ பரிசோதனை நம்மில் பலருக்குத் தெரியும், அதன் அடிப்படையும் இந்தக் காமா இன்டர்ஃபெரான்தான்.

எண்ணிக்கைகள் சிறியவை. ஆயிரக்கணக்கான பேரிடம் செய்ய முடியாத, கை வலிக்கும் வேலை. அதனால்தான் இத்துறையில் 20 பேர், 50 பேர் என்று சின்ன ஆய்வுகளாகவே வருகின்றன. சின்ன ஆய்வு என்பதாலேயே தள்ளிவிட வேண்டாம், ஆனால் ஒன்றை மட்டும் நம்பிப் பெரிய முடிவும் எடுக்க வேண்டாம்.

படி 6: இருப்பது வேறு, காப்பது வேறு

எல்லாப் படிகளிலும் முக்கியமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நூற்றில் நாற்பது, ஐம்பது பேரிடம் குறுக்கு எதிர்வினை டி செல் இருந்ததென்றால், நூற்றில் அத்தனை பேர் தப்பித்திருக்க வேண்டுமே? அப்படி நடக்கவில்லை. வயதானவர்கள் வாழ்நாள் முழுக்கச் சளி வைரஸ்களைப் பார்த்தவர்கள், அதிகம் இறந்ததும் அவர்கள்தான்.

ஜெர்மனியின் கீல் நகரில் பெத்ரா பாகர் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இந்த உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றியது. முன்பே இருந்த அந்த சிடி4 செல்கள் வைரஸ் துண்டைத் தளர்வாகத்தான் பிடிக்கின்றன, கடுமையாக நோயுற்றவர்களிடமும் அதே மாதிரிப் பலவீனமான பிடிப்புள்ள செல்கள் காணப்படுகின்றன என்று அவர்கள் சொன்னார்கள். ‘இருந்தது’ என்பதால் ‘உதவியது’ என்று ஆகிவிடாது.

அப்படியானால் உதவியதைக் காட்டுவது எப்படி? தொற்றுக்கு ஆளாகும் தருணத்திலேயே ரத்தத்தை எடுத்து, பிறகு யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று காத்திருக்க வேண்டும். இம்பீரியல் கல்லூரியில் அஜித் லால்வானி குழு இதைச் செய்தது. காசநோய்க்கு எலிஸ்பாட் பரிசோதனையை உருவாக்கியவர் அவர்தான். வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும், கூட இருந்தவர்களிடம் சில நாட்களுக்குள் ரத்தம் எடுத்தார்கள். 52 பேர். சரிபாதி, 26 பேருக்குத் தொற்று வந்தது, 26 பேருக்கு வரவில்லை. வராதவர்களிடம் குறுக்கு எதிர்வினை நினைவு டி செல்கள் அதிகம் இருந்தன. கவனியுங்கள், அந்தச் செல்கள் பெரும்பாலும் ஸ்பைக்கை அல்ல, வைரஸின் உள்புரதங்களைக் குறிவைத்தவை. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் வந்த கணவன் மனைவிக்கு மிக நெருக்கமான ஆய்வு இதுதான். 52 பேர் என்பது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

இந்த முறையின் முன்னோடி கொரோனா அல்ல, இன்ஃப்ளூயன்சா. 2009இல் பன்றிக்காய்ச்சல் என்று நாம் அழைத்த எச்1என்1 பரவியபோது, இம்பீரியல் கல்லூரியின் ஊழியர்கள், மாணவர்கள் 342 பேரிடம் அலை உச்சத்தைத் தொடும் முன்பே ரத்தம் எடுத்து வைத்து, பிறகு அவர்களின் உடல்நிலையைத் தொடர்ந்து விசாரித்தார்கள். அந்த வைரஸுக்கு ஆன்டிபாடி இல்லாமலிருந்து தொற்று வந்தவர்களில், எல்லா ஃப்ளூ வைரஸ்களிலும் மாறாமல் இருக்கும் உள்புரதங்களுக்கு எதிரான சிடி8 டி செல்கள் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் லேசாக வந்தது. தொற்று வராமல் போனது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நோய் லேசானது என்றுதான் சொன்னது. படி 1இல் பார்த்ததோடு இது அப்படியே பொருந்துகிறது.

எச்சரிக்கைக்கு நைரோபிக்குப் போக வேண்டும். கென்யாவின் அந்த நகரில் 1980களிலிருந்து பாலியல் தொழிலாளிகளைத் தொடர்ந்து கவனித்துவந்த மருத்துவர்கள், எச்ஐவியைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டும் தொற்று வராத ஒரு சிறு குழுவைக் கண்டார்கள். அவர்களில் பலரிடம் ஆன்டிபாடி இல்லை, எச்ஐவிக்கு எதிரான டி செல்கள் இருந்தன. உள்ளே வந்த வைரஸ் பரிசோதனைக்குச் சிக்கும் முன்பே அழிவது, அதாவது பாதியில் முறியும் தொற்று என்ற எண்ணத்துக்கு அங்கேயே வேர் இருக்கிறது. ஆனால் பிறகு அவர்களில் சிலருக்கு எச்ஐவி வந்தது. தொழிலுக்குச் சில காலம் இடைவெளி விட்டுத் திரும்பியவர்களிடம் அது அதிகம் நிகழ்ந்ததை 2001இல் வந்த ஆய்வு காட்டியது. டி செல்கள் இருந்ததும் உண்மை, அவை எப்போதும் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை.

முன் நினைவு கெடுதல் செய்யும் சந்தர்ப்பமும் உண்டு. டெங்குவில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை வரும்போது, பழைய ஆன்டிபாடிகள் வைரஸைச் செல்லுக்குள் ஏற்றிவிட்டு நோயைக் கடுமையாக்கக்கூடும். ஆகவே ‘முன்பே இருந்தது’ என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. எந்த வைரஸ் என்று கேட்டாக வேண்டும்.

படி 7: யாருடைய செல்?

வைரஸ் துண்டைக் காட்டும் எச்எல்ஏ மூலக்கூறு ஆளுக்கு ஆள் வேறு. ஒருவரின் எச்எல்ஏவில் கச்சிதமாக உட்காரும் துண்டு, இன்னொருவரின் எச்எல்ஏவில் உட்காராமலே போகலாம். அதனால் ஒரே சளி வைரஸ் இருவருக்கும் வந்திருந்தாலும், மிஞ்சும் நினைவு வேறு வேறாக இருக்கும்.

2023இல் நேச்சரில் வந்த அமெரிக்க ஆய்வு இதை அழகாகக் காட்டியது. எலும்பு மஜ்ஜை தானத்துக்காகப் பதிவு செய்து, எச்எல்ஏ வகை முன்பே தெரிந்திருந்தவர்கள் கிட்டத்தட்ட 30,000 பேரைக் கைப்பேசிச் செயலி மூலம் தொடர்ந்தார்கள். தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில் அவர்களில் 1,428 பேருக்குத் தொற்று உறுதியானது, 136 பேருக்கு அறிகுறியே இல்லை. அறிகுறி இல்லாதவர்களில் ஐந்தில் ஒருவரிடம் எச்எல்ஏ-பி*15:01 என்ற வகை இருந்தது. அறிகுறி வந்தவர்களில் அது சுமார் 9 சதவீதம்தான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களுக்கு அறிகுறியின்றித் தப்பும் வாய்ப்பு எட்டு மடங்குக்கு மேல். அந்த வகை எச்எல்ஏ உள்ளவர்களின் பழைய ரத்தத்தைப் பார்த்தால், சளி வைரஸ்களான ஓசி43, எச்கேயூ1இன் ஒரு துண்டைப் பார்த்துப் பழகிய டி செல்கள், புதிய வைரஸின் கிட்டத்தட்ட அதே துண்டையும் பிடித்தன. ஆனால் இந்தத் துண்டு இருப்பது ஸ்பைக்கில். படி 3இல் சொன்னதை ஒரு சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 8: சரி, நான் என்ன செய்வது?

இதையெல்லாம் படித்த ஒருவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு இந்த டி செல்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாமா? பார்த்தும் பயனில்லை. இத்தனை புள்ளி இருந்தால் பாதுகாப்பு என்று சொல்ல ஓர் எல்லைக்கோடு இன்னும் கிடையாது. அதோடு, கையிலிருந்து எடுக்கும் ரத்தம் மூக்கிலும் நுரையீரலிலும் குடியிருக்கும் டி செல்களைக் காட்டாது. முதல் சண்டை நடப்பது அங்கேதான்.

அடிக்கடி சளி பிடித்தால் நல்லதா? இல்லை. வேண்டுமென்று நோயை வரவழைத்துக்கொள்ள இந்த ஆய்வுகளில் ஒன்றுகூட ஆதாரம் தரவில்லை. டி செல்லைக் கூட்டும் என்று விற்கும் கஷாயம், மாத்திரை, பவுடர் எதற்கும் மேலே சொன்ன ஆய்வுகளில் இடமே இல்லை. அந்தப் புட்டியின்மேல் ‘டி செல்’ என்று அச்சடித்திருந்தால் அது விளம்பரம், அவ்வளவுதான்.

முதல் அலையில் எனக்கு வரவில்லையே, தடுப்பூசி வேண்டாமா? லண்டன் ஆய்வாளர்களே இதற்கு இடம் கொடுக்கவில்லை. அவர்கள் கவனித்தது 2020இல் பரவிய முதல் வகை வைரஸை. டெல்டா, ஒமைக்ரான் போல வேகமாகப் பரவும் வகைகள் அதற்குப் பிறகு வந்தவை. ஒருமுறை முறிந்த தொற்று அடுத்த முறையும் முறியும் என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை.

கொரோனா அலைகளின்போது போட்ட தடுப்பூசிகள் இந்த டி செல்களை உருவாக்குமா? கோவிஷீல்டு, ஃபைசர், மாடர்னா மூன்றும் உடம்புக்குக் காட்டுவது ஸ்பைக்கை மட்டும். ஸ்பைக்குக்கு எதிராக ஆன்டிபாடியும் வரும், டி செல்லும் வரும், கடுமையான நோயிலிருந்து அவை நன்றாகவே காத்தன. கோவாக்சின் முழு வைரஸை முடக்கிச் செய்தது, அதனால் நியூக்ளியோகேப்சிட் போன்ற மற்ற உறுப்புகளும் அதில் உண்டு. ஆனால் பாலிமரேஸ் இயந்திரம் வைரஸ் உயிரோடு ஒரு செல்லுக்குள் பெருகும்போதுதான் தயாராகிறது. முடக்கிய வைரஸால் அதைத் தயாரிக்க முடியாது. எனவே லண்டன் ஊழியர்களிடம் கண்ட அந்த வகை டி செல்களைத் தர, நகலெடுக்கும் புரதங்களையும் சேர்த்த வேறு வடிவத் தடுப்பூசி தேவை.

அப்படி ஒன்று வந்தால் அதைச் சோதிப்பதும் சுலபமாக இருக்காது. ஸ்பைக் தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்க ஆன்டிபாடி அளவு ஓரளவு வழிகாட்டும். பாலிமரேஸ் டி செல் தடுப்பூசிக்கு அது உதவாது. அது தொற்றைத் தடுக்காமல் முதல் ஓரிரு நாட்களில் முடித்துவைப்பது என்றால், வாரம் ஒருமுறை எடுக்கும் பிசிஆர் அந்தத் தொற்றைப் பார்க்காமலே போய்விடும். அந்தச் செய்தி வரும் நாளில், எத்தனை நாளுக்கு ஒருமுறை மூக்கில் மாதிரி எடுத்தார்கள், தடுப்பூசி போடாத குழு ஒன்று பக்கத்தில் இருந்ததா என்ற இரண்டையும் முதலில் தேடிப் பாருங்கள்.